ஆறு மணிப் பெரட்டு

செங் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், டயர்க் கடையை ஒட்டி காந்தனின் வெர்க்‌ஷாப் இருந்தது. ஒரு புதன்கிழமை பிற்பகல், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வெள்ளை நிற ஜப்பான் கார் ஒன்று உள்ளே வந்து நின்றது. ரீகான் வண்டி. ஜப்பானில் ஓட்டிக் கழித்ததைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, பளபளவென்று துடைத்து இங்கே விற்பார்கள். வாங்கும்போது சொகுசாகத்தான் இருக்கும். கெட்டுப்போனால் கையேட்டைப் படிக்கக்கூட ஆள் கிடையாது. அந்த மாதிரி வண்டிகளுக்கு வயரிங் பார்க்க மலாக்கா முழுக்கச் சுற்றினாலும் கடைசியில் காந்தனிடம்தான் வந்து நிற்க வேண்டும். அந்தக் கர்வம் அவனுக்கு உண்டு. இருந்தால் என்ன தப்பு? அவனாக முட்டி மோதிக் கற்றுக்கொண்ட தொழில் அது.

கார்க் கதவு திறந்தது. இறங்கிய ஆளைப் பார்த்ததும் காந்தனின் கையிலிருந்த ஸ்பேனர் பாதியில் நின்றுவிட்டது.

பாலகிருஷ்ணன். பதினோராங்கட்டைத் தோட்டத்துப் பழைய கிராணி.

தலை நரைத்திருந்தது, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. ஆனால் முகவாயை நிமிர்த்திக்கொண்டு ஆளை அளக்கிற அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை. இப்போது அவர் ஃபேக்டரி ஆள்களை ஏற்றி இறக்கும் பஸ்களுக்கு முதலாளி. காந்தனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தோட்டத்துப் பிள்ளைகளின் முகத்தை அவர் என்றைக்கு நின்று பார்த்தார்?

"ஸ்டேரிங் இறுகுது தம்பி," என்றார். "லெஃப்ட்ல திரும்புனா மீள மாட்டேங்குது. மூணு வெர்க்‌ஷாப் பாத்தாச்சு, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. நீதான் கெட்டிக்காரன்னு சொன்னாங்க."

இதே வார்த்தைகள். எழுத்து மாறாமல் இதே வார்த்தைகளைத்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா இந்த மனிதரிடம் மூன்று நாள் காலையில் சொன்னார்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். துரைக்கு அடுத்த கடவுள். விடியுமுன் தொழிலாளர்கள் களத்தில் வரிசை கட்டி நிற்க, கிராணி பெரட்டு எடுப்பார். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். நம்பருக்கு உரியவர் 'ஐயா' என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அன்றைக்கு நீ ஓர் ஆள். கொடுக்காவிட்டால் உன் நம்பருக்கு நேரே ஒரு கோடு.

காந்தனின் அப்பா தம்புசாமி தோட்டத்து லோரி டிரைவர். ஸ்டேரிங் இறுகுகிறது என்று அவர் மூன்று நாள் பெரட்டில் சொன்னார். நான்காம் நாள், பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு தூரத்து டிவிஷனுக்குப் புறப்பட்ட லோரி, ரப்பர் ஃபேக்டரியின் கழிவுக் குளத்துக்குள் போய் விழுந்தது. ஐந்து பேர் செத்தார்கள். ஆறாவது ஆள் தம்புசாமி. ஸ்டேரிங்கைப் பிடித்த கையை விடுவிக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு இந்தப் பாலகிருஷ்ணன் செய்த காரியத்தை மனிதன் செய்வானா? அன்றைய பெரட்டில் தம்புசாமி வரவே இல்லை என்று அவர் நம்பரை வெட்டினார். குடித்துவிட்டு, யாரையும் கேட்காமல் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்தார். உயிர் தப்பிய ஒன்பது பேரும் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. தோட்டத்தின் மேல் தப்பில்லை, லோரியின் மேல் தப்பில்லை, எல்லாம் செத்தவன் தலையில். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனிதர் குடிகாரராகப் புதைக்கப்பட்டார். அவர் மனைவி முனியம்மாவை அன்றிலிருந்து லயத்து வீடுகளில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. குடிகாரன் பொண்டாட்டி. குழாயடியில் அவள் வாளியைக் காலால் தள்ளினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து அவள் முகத்தில் துப்பினாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றபோது காந்தனுக்குப் பதினாறு வயது.

இந்த ஆளின் வாயிலிருந்து, அம்மாவின் காது கேட்க, 'தம்புசாமி குடிக்கவில்லை' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். காந்தன் இந்த உலகத்தில் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"சாவியக் குடுங்க. பாக்குறேன்," என்றான்.

பழுது கண்டுபிடிக்கிற முறை எளிதுதான். அந்தக் காரில் ஓடும் வேகத்துக்கு ஏற்றபடி ஸ்டேரிங்கை லேசாக்கவும் கனமாக்கவும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்கு ஏதாவது ஆனால் மீட்டருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு எரியும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பிளக்கில் இரண்டு ஓட்டைகளைத் துண்டு வயரால் இணைத்தால், அந்த விளக்கே மினுக்கி மினுக்கிக் கோளாறின் நம்பரைச் சொல்லும். நீளமாக எரிந்தால் பத்து, குட்டையாக எரிந்தால் ஒன்று. காந்தனிடம் இருந்த போட்டோஸ்டாட் தாளில் மொத்தம் நான்கே நம்பர்கள்: பதினொன்று, பதின்மூன்று, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

வயரைச் செருகினான். இரண்டு நீளம், ஒரு குட்டை. இருபத்தொன்று. ஸ்பீட் சென்சாரிலிருந்து செய்தி வரவில்லை என்று அர்த்தம். காரைத் தூக்கி, கியர் பாக்ஸ் பக்கம் தடவிப் பார்த்தான். சென்சார் வயரின் கனெக்டர் பாசி பிடித்தாற்போல் பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டியெடுத்து, புது வயரை ஈயம் வைத்து ஒட்டி, ஃபியூஸைக் கழற்றிப் பழைய நம்பரை அழித்தான். விளக்கு அணைந்தது. மழையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான். ஒரு விரலால் திருப்பலாம், அத்தனை லேசு.

வண்டி சரியாகிவிட்டது. பாலகிருஷ்ணன் போய்விட்டார். கேட்க வேண்டியதைக் காந்தன் கேட்காமலே விட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்தார். வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா ஃபோர்மேன் நீ? இன்னக்கிக் காலையில டிச்சில விட்ருப்பேன்! காடி தானா லெஃப்ட்ல இழுக்குது!"

"எந்த நேரத்துல பாஸ்?"

"தெனமும் ஆறு மணிக்குத்தான்லா. வூட்ட விட்டு எடுக்குறப்பவே. ஆறரைக்கு மேல நல்லா ஓடுது. என்ன மாயம்னே தெரியல."

"வீடு எங்க?"

அவர் முகத்தில் பெருமை வந்தது. "நம்ம ஹவுசிங் தாமான்தான். பழைய பதினோராங்கட்டைத் தோட்டத்த வித்தாங்கல்ல, அந்த எடம். கார்னர் வூடு. முன்னாடி அழகா கொளம். மூடாம, மழத் தண்ணிக்கின்னு டெவலப்பர் அப்படியே வச்சிட்டான். நானும் எம்மவ அனுசியாவும் மட்டுந்தான். காத்து பிச்சிக்கிட்டு வரும்."

குளம்.

ஆறு பேரை விழுங்கிய குளத்தின் முன்னால் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிறார். காந்தன் பல்லைக் கடித்துக்கொண்டான். "காடிய இங்கயே விட்டுட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே வந்து ஷட்டரைத் தூக்கினான். மலாக்காவில் ஆறு மணி என்றால் இன்னும் கும்மிருட்டு. டியூப் லைட் ஒன்றைப் போட்டுவிட்டு, கார்க் கதவைத் திறந்து வைத்து, வயரைச் செருகிக் காத்திருந்தான். ஸ்டேரிங் லேசாகத்தான் இருந்தது. விளக்கு எரியவில்லை. இந்த ஆள் பொய் சொல்கிறார், சரியாக ஓட்டத் தெரியாமல் வண்டியைக் குறை சொல்கிறார் என்று நினைத்தான்.

சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டது.

முதலில் வாடைதான் வந்தது. புளித்த ரப்பர் பாலும் ஆசிட்டும் கலந்த வாடை. அந்தத் தொழிற்பேட்டையில் ரப்பருக்கு வேலையே கிடையாது. ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த நாற்றத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு ஸ்டேரிங் இறுகியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், அசையவில்லை. கம்ப்யூட்டர் செத்தால் ஸ்டேரிங் கனக்கும், அவ்வளவுதான். இப்படிப் பூட்டிக்கொள்ள வழியே இல்லை.

விளக்கு மினுக்கத் தொடங்கியது.

நீளமே இல்லாமல் ஏழு குட்டை. ஏழா? அப்படி ஒரு நம்பர் தாளில் கிடையாது. ஃபியூஸ் டப்பாவின் அட்டையில் குறித்துக்கொண்டான். அடுத்து பன்னிரண்டு. அதுவும் தாளில் இல்லை. பதினாறு. இருபத்து மூன்று. முப்பத்தொன்று. அதன் பிறகு விளக்கு அணைந்து கிடந்தது. ஒரு நம்பர் சொல்லி முடிக்கிற நேரம் இருட்டாகவே கிடந்தது. மறுபடி ஏழிலிருந்து ஆரம்பித்தது.

மூன்று முறை எண்ணினான். அதே ஐந்து நம்பர், கடைசியில் அதே இடைவெளி.

நான்காவது சுற்றில்தான் கவனித்தான். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் பின் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. யாரோ ஏறி உட்காருவதுபோல.

திரும்பிப் பார்த்தான். சீட் காலியாக இருந்தது.

வயரைப் பிடுங்கினான். விளக்கு நிற்கவில்லை. ஆறரை வரை எண்ணிக்கொண்டே இருந்தது. காந்தன் காரை விட்டு இறங்கி, டயர்க் கடைச் சுவரோடு சுவராக நின்றான்.

அன்று பிற்பகல், அம்மாவும் மகனும் குடியிருக்கும் புக்கிட் பெருவாங் ஃபிளாட்டில், துவைப்பதற்காக அவன் சட்டையை எடுத்த முனியம்மா பைக்குள் கைவிட்டு அந்த அட்டையை எடுத்தாள். தோட்டத்தில் அவளும் பெரட்டுக்கு நின்றவள்; எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும்.

"இதெல்லாம் எங்கடா புடிச்ச?"

"ஒரு காடியோட நம்பரும்மா. ஸ்டேரிங் கம்ப்ளெய்ண்ட்."

"காடி நம்பரா?" அட்டையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஏழு, வேலாயி. பன்னெண்டு, ராமையா. பதினாறு, பிச்சைமுத்து. இருவத்து மூணு, சாமிக்கண்ணு. முப்பத்தொண்ணு, தங்கையா. கொளத்துல போனவங்கடா. பெரட்டு நம்பருடா இது."

"அப்பா நம்பர் என்னம்மா?"

"முப்பத்து நாலு. அதத்தான் அந்தப் பாவி வெட்டிட்டானே." அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "எத்தன மணிக்கு இது வந்துச்சு?"

"ஆறு."

"பெரட்டு அஞ்சரைக்குடா."

காந்தன் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு தொடங்கியபோது அரசாங்கம் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அன்றைய ஐந்தரைதான் இன்றைய ஆறு. உயிரோடு இருப்பவர்கள்தான் கடிகாரத்தை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே குளத்துக்குள் போனவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. செத்த பிறகும் அப்பா பெரட்டில் இல்லை. அந்த ஐந்து பேரும் விடியும்போதெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள், அவர் நம்பருக்கு மட்டும் இருட்டு. அந்த ஆள் போட்ட கோடு மண்ணுக்குள்ளும் அழியவில்லை.

ஞாயிறு விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு நேரே பாலகிருஷ்ணன் வீட்டுக்குப் போனான். இருபது வயது மதிக்கத்தக்க பெண் தூக்கக் கண்ணோடு கேட்டைத் திறந்தாள். அனுசியா. பாலகிருஷ்ணன் கைலியோடு வெளியே வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் கம்பிவேலி, அதற்குப் பின்னால் குளம் கறுப்பாகக் கிடந்தது.

காந்தன் என்ஜினை அணைக்காமல் இறங்கினான்.

"உள்ள ஒக்காருங்க கிராணி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தார். வெகுகாலமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "யார்றா நீ?"

"முப்பத்து நாலாம் நம்பரோட மவன். ஒக்காருங்க. உங்க காடி என்னா சொல்லுதுன்னு நீங்களே எண்ணுங்க."

அவர் மறுத்திருக்கலாம். மகள் முன்னால் பயந்ததாகக் காட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லையோ என்னவோ, ஏறி உட்கார்ந்தார். காந்தன் திறந்த கதவருகே நின்று, ஒரு கையால் அவர் பனியனின் தோள்பட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

ஆறு மணி.

வாடை வந்தது.

விளக்கு மினுக்கியது. ஏழு. இந்த முறை ஸ்பிரிங் முனகலோடு நிற்கவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல், வாயில் தண்ணீர் நிறைந்ததுபோல, மெல்லச் சொன்னது:

"ஐயா."

பாலகிருஷ்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. பன்னிரண்டு. "ஐயா." பதினாறு. "ஐயா." கண்ணாடி உள்பக்கமாக வேர்த்தது. இருபத்து மூன்று, முப்பத்தொன்று. குரல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் கூடின. பிறகு அந்த இருட்டு.

"இப்ப வருது பாருங்க, அதுதான் நீங்க வெட்டுன நம்பர்," காந்தன் அவர் காதருகே குனிந்தான். "பதினெட்டு வருஷமா எங்கம்மா தலகுனிஞ்சு நடக்குறாங்க. கூப்புடுங்க அவர. கூப்புட்டாத்தான் வுடுவேன்."

"வுட்ரு தம்பி... புள்ள பாக்குது..."

"கூப்புடுங்க!"

அவர் உதடு காய்ந்திருந்தது. காற்றோடு காற்றாக வந்தது: "முப்பத்து நாலு."

எல்லாம் அடங்கியது. என்ஜின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஐயா."

அப்பாவின் குரல். பதினாறு வயதுவரை தினமும் கேட்ட குரல், ஒரு மாற்றமும் இல்லை.

"ஐயா, ஸ்டேரிங் இறுகுதுங்க. லெஃப்ட்ல திரும்புனா மீள மாட்டேங்குதுங்க."

அவ்வளவு பணிவாகச் சொன்னது. நான்காவது முறையாகச் சொன்னது. பாலகிருஷ்ணன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: வேண்டாம், நிறுத்து. பயத்தில் கண் பிதுங்கியிருந்த அந்த மனிதரின் வாயில் என்ன வந்தது தெரியுமா? அரை ஆயுள் முழுக்கப் பெரட்டுக் களத்தில் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது எதுவோ, அதுதான் வந்தது.

"வாய மூடிக்கிட்டு லோரிய எடுடா! திமிரா ஒனக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

காந்தன் கேட்டுவிட்டான். அன்றைக்கு நடந்தது இதுதான். பதினெட்டு வருஷமாக மூடி வைத்த உண்மை ஒரே அதட்டலில் வெளியே வந்துவிட்டது.

கியர் விழுந்த சத்தம் கேட்டது. கியரை யாரும் தொடவில்லை.

கார் புறப்பட்டது. ஸ்டேரிங் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் சுற்றியது, சுற்றிக்கொண்டே போனது. பாலகிருஷ்ணன் கத்தினார். காந்தன் அவர் பனியனைப் பிடித்தபடி கூடவே ஓடினான். இழுத்திருந்தால் வெளியே வந்திருப்பார். அந்த ஒரு நொடியில் கோயில் வாசலும் அம்மாவின் முகத்தில் வழிந்த எச்சிலும் அவன் கண்ணில் வந்து நின்றன. துணி கிழிந்ததா, அவனே விட்டுவிட்டானா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

கம்பிவேலி பிய்ந்தது. தண்ணீர் வாங்கிக்கொண்டது.

அனுசியா அலறிய அலறலில்தான் அவனுக்குச் சுயநினைவு வந்தது. குதித்தான். அந்த நாற்றத்துக்குள் மூழ்கி, தடவி, ஆளைக் கண்டுபிடித்து இழுத்துக் கரையில் போட்டான். பாலகிருஷ்ணனுக்கு உயிர் இருந்தது.

விடிந்ததும் வந்த போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: "மாபோக்?"

குடித்திருந்தாரா என்று கேட்கிறார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல். அவ்வளவு போதும், அந்த மனிதர் பேரும் காலத்துக்கும் குடிகாரர்தான். காந்தனின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. கரையில் அப்பாவைத் தாங்கிப் பிடித்துச் சேறாகி நின்ற அனுசியாவைப் பார்த்தான்.

"தீடாக், துவான்," என்றான். இல்லை, சார். "ஸ்டேரிங்."

பத்து நாள் கழித்து, விடியாத நேரத்தில், ஃபிளாட்டில் டெலிபோன் அடித்தது.

"அண்ணே, நான் அனுசியா." மூச்சுக் காற்றில் பேசினாள். "அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து பேச்சே இல்ல. டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க. ஆனா ஆறு மணியானா தெனமும் எழுந்து ஹால்ல நின்னு நம்பர் கூப்புடுறாரு. அவரு கூப்புடுறது கூடப் பரவால்லண்ணே. வூட்ல நாங்க ரெண்டே பேருதான்... பதில் சொல்றது யாரு? நீங்களே கேளுங்க." ரிசீவரை நீட்டிப் பிடித்தாள் போலிருக்கிறது; பெரிய அறையின் வெறுமை கேட்டது.

காந்தன் அப்போதே வைத்திருக்க வேண்டும். வைக்க மனம் வரவில்லை. அம்மாவின் காது கேட்க வேண்டும், அது ஒன்றுதானே கேட்டான் இத்தனை வருஷமாக? அவளை எழுப்பிக் கூட்டிவந்து ரிசீவரை அவள் காதில் வைத்து, தன் தலையையும் ஒட்டிக்கொண்டான்.

"ஏழு." பாலகிருஷ்ணனின் குரல், உயிரில்லாமல். "ஐயா." முனியம்மாவின் விரல் மகனின் கையைப் பற்றியது. பன்னிரண்டு. பதினாறு. இருபத்து மூன்று. முப்பத்தொன்று.

"முப்பத்து நாலு. டிரைவர் தம்புசாமி. குடிக்கல."

"ஐயா."

முனியம்மாவின் கண்ணிலிருந்து கொட்டியது. புருஷன் செத்த அன்றுகூட, குடிகாரனுக்காக அழுகிறாளே என்று ஏசுவார்கள் என்று, அவள் வாய்விட்டு அழவில்லை. "கேட்டியாடா?" என்றாள். "தண்ணியடிச்ச ஆளு கொரலாடா அது? எவ்வளோ தெளிவா இருக்கு பாரு!"

"போதும்மா. வச்சிருவோம்."

அவன் கையை நீட்டுவதற்குள் டெலிபோனில் அடுத்த நம்பர் வந்தது.

"நாப்பத்தொண்ணு."

அம்மாவின் உடம்பு விறைத்தது.

"நாப்பத்தொண்ணு. முனியம்மா."

முப்பது வருஷம் அந்த நம்பருக்குக் குரல் கொடுத்த வாய். உதடுகள் தாமாகப் பிரிவதைக் காந்தன் பார்த்தான். உள்ளங்கையால் அவள் வாயை அழுத்தி மூடினான். மறு கையால் ரிசீவரைப் பிடுங்கிக் கத்தினான்.

"அவங்க வரமாட்டாங்க! கோடு போடுய்யா! கோடு போடு!"

அடித்து வைத்தான். ஹாலில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

முனியம்மா அவன் கையை மெதுவாக விலக்கினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்துத்தான் காந்தன் பயந்தான்.

"நான் வாயத் தொறக்கலடா," என்றாள்.

"தெரியும்மா. அதான் மூடிட்டேன்ல. நீங்க போய்ப் படுங்க."

"நீ கத்துன கத்துல ஒனக்குக் கேக்கல." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "பெரட்டுக்கு லேட்டாயிட்டா கூட்டாளி ஒருத்தி நம்ம நம்பருக்கும் சேத்துக் கொரல் குடுத்துருவா. எல்லாரும் செய்யிறதுதான். ஆளு பின்னாலயே ஓடிப்போயி லோரியில ஏறிக்கும்."

"அதுக்கென்னம்மா இப்ப?"

"ஏழாம் நம்பரு வேலாயி எனக்குக் கொரல் குடுத்துட்டா, காந்தா."

மூன்று மாடிக்குக் கீழே, ஃபிளாட் வாசலில், ஒரு லோரி என்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.